பனியனும் மரியாதையான உடையே!

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் நாட்டுப் பழமொழி. அந்தப் பாதி எது என்பதில்தான் இன்று நம் கல்லூரியில் வழக்கு! டி-சர்ட்டு என்று எல்லோரும் சொல்லும் பின்னலாடையை அணிந்து வகுப்புக்கு வரலாமா, கூடாதா? காலர் வைத்திருந்தால் வரலாம், வட்டக் கழுத்து என்றால் கூடாது என்கிறார் ஒருவர். இரண்டுமே கூடாது, அது சட்டைக்குள்ளே போடுகிற பனியன் என்கிறார் மற்றொருவர். அது மேல்நாட்டு நாகரிகம், நம் பண்பாட்டுக்கு ஆகாது என்று முடிக்கிறார் மூன்றாமவர். மரத்தடியிலும், சிற்றுண்டி நிலையத்திலும், பேருந்து நிறுத்தத்திலும் இதே பேச்சு. ஆனால் அந்த உடை எங்கே பிறந்தது, யார் உடம்பில் முதலில் ஏறியது, இன்று யார் கையால் உருவாகிறது என்று கேட்டவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டி-சர்ட்டு உழைப்பவனின் உடை. தமிழன் கைபட்டு உலகெங்கும் போகும் உடை. அதைக் கல்லூரி வாசலில் தடுப்பதற்கு வரலாற்றிலும் நியாயம் இல்லை, பண்பாட்டிலும் நியாயம் இல்லை. அதே சமயம், அதை அணியும் நமக்கும் ஒரு கடமை உண்டு. இந்த இரண்டையும் சான்றுகளோடு உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பெயர் வந்த வழி

முதலில் 'பனியன்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். வணிகரைக் குறிக்கும் 'பனியா' என்ற வடநாட்டுச் சொல்தான் இதற்கு வேர். கடல் கடந்து வாணிகம் செய்த குசராத்தி வணிகர்களை ஐரோப்பியர் 'பனியன்' என்று அழைத்தார்கள். பாரசீக வளைகுடாவில் ஒரு துறைமுகத்தருகே அவ்வணிகர்கள் ஆலமரத்தின் நிழலில் கூடியதால், ஆலமரத்துக்கே ஆங்கிலத்தில் 'பனியன் மரம்' என்ற பெயர் நிலைத்தது. அவர்கள் அணிந்த தளர்ந்த மேலாடையைப் பார்த்து ஐரோப்பியர் வீட்டில் அணியும் அங்கி ஒன்றைத் தைத்துக்கொண்டு, அதையும் 'பனியன்' என்றே சொன்னார்கள். நாளடைவில் இந்தியாவில் அது உள்ளாடையின் பெயராகச் சுருங்கியது. ஆகவே, மேல்நாட்டு உடை என்று நாம் ஒதுக்குகிற பனியனின் பெயர் நம் நாட்டிலிருந்தே புறப்பட்டு, உலகைச் சுற்றிவிட்டு, மறுபடி நம் வீட்டுக் கொடியில் காய்கிறது!

'டி-சர்ட்டு' என்ற பெயருக்கு விளக்கம் எளிது. கையை அகல நீட்டி விரித்துப் போட்டால் ஆங்கில 'டி' எழுத்தின் வடிவம் தெரியும். அச்சில் இச்சொல் காணப்படும் மிகப் பழைய இடமாக ஆங்கில அகராதிக்காரர்கள் காட்டுவது, 1920ஆம் ஆண்டு வெளியான ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'திஸ் சைட் ஆஃப் பாரடைஸ்' என்ற நாவலை. அந்த நாவலில் படிக்கப் புறப்படும் மாணவன் ஒருவனின் பெட்டியில்தான் டி-சர்ட்டு இருக்கிறது என்பது நமக்குச் சுவையான செய்தி.

ஊசியும் கண்ணியும்

நெசவு வேறு, பின்னல் வேறு. நெசவில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். துணி அசையாமல் நிற்கும். பின்னலில் நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி நுழைந்து துணியாகும். அதனால்தான் பனியன் இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது. வெவ்வேறு உடம்புக்காரர்களுக்கு ஒரே அளவு பொருந்துவதும், வியர்வையை உறிஞ்சிக் காற்றை உள்ளே விடுவதும் இந்தக் கண்ணிகளின் வேலையே.

இந்தக் கண்ணியை இயந்திரத்தால் போடலாம் என்று காட்டியவர் இங்கிலாந்தில் கால்வெர்ட்டன் என்னும் ஊரைச் சேர்ந்த வில்லியம் லீ, ஆண்டு 1589. கைப்பின்னலால் பிழைக்கும் ஏழைகளின் சோற்றில் மண் விழும் என்று சொல்லி எலிசபெத் அரசியார் அவருக்கு உரிமை தர மறுத்துவிட்டார் என்பார்கள். அரசியாரின் அச்சம் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு வேறு வடிவில் மெய்யானது. 1811இல் நாட்டிங்காம் பகுதியில் கூலி குறைந்து பட்டினி கிடந்த பின்னல் தொழிலாளர்கள் பின்னல் தறிகளை உடைத்தார்கள். லட்டைட்டுகள் என்று நாம் பாடப் புத்தகத்தில் படிப்பது இவர்களைத்தான். தறியை உடைப்பவனுக்குத் தூக்குத் தண்டனை என்று 1812இல் சட்டம் கொண்டுவந்தார்கள். அதை எதிர்த்துப் பிரபுக்கள் சபையில் பேசியவர் கவிஞர் பைரன். பின்னலாடையின் வரலாற்றில் தொழிலாளியின் வயிறு தொடக்கத்திலிருந்தே இருக்கிறது என்பதைக் காட்டவே இதைச் சொல்கிறேன்.

பின்னர் வட்டமாகச் சுழன்று குழாய் போல் துணியைப் பின்னும் இயந்திரம் வந்தது. அதற்கு 1816இல் உரிமை பெற்றவர் மார்க் புரூனல். இன்றும் நல்ல பனியன் ஒன்றை எடுத்துப் பாருங்கள்; பலவற்றில் பக்கவாட்டில் தையலே இருக்காது. குழாயாகவே பின்னி வந்த துணி அது!

உள்ளே இருந்தது வெளியே வந்த கதை

19ஆம் நூற்றாண்டில் மேல்நாட்டுத் தொழிலாளிகள் கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டாக உள்ளாடை அணிந்தார்கள். வெயில் காலத்தில் அதை அணிந்து உலைக்களத்தில் நிற்க முடியுமா? இரண்டாக வெட்டிக்கொண்டார்கள். மேற்பாதிதான் நம் கதாநாயகன். 1913ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கக் கடற்படை, வட்டக் கழுத்தும் குட்டைக் கையும் உடைய வெள்ளைப் பருத்திப் பனியனைத் தன் மாலுமிகளுக்குச் சீருடையின் உள்ளாடையாக வழங்கியது. நீராவிக் கப்பலின் அடித்தளத்தில் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு வேலை செய்தவர்களே டி-சர்ட்டை முதலில் வெளியாடை ஆக்கியவர்கள்.

இரண்டாம் உலகப்போர் அந்தப் பழக்கத்தைப் படை முழுவதற்கும் பரப்பியது. 1942 ஜூலையில் 'லைஃப்' இதழின் அட்டையிலேயே பயிற்சிப் பள்ளியின் பெயர் அச்சிட்ட டி-சர்ட்டுடன் ஒரு வீரர் காட்சி தந்தார். போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் அதே பனியனோடு தோட்டத்திலும் பட்டறையிலும் வேலை செய்தார்கள். 1951இல் மார்லன் பிராண்டோவும் 1955இல் ஜேம்ஸ் டீனும் திரைப்படங்களில் அதை அணிந்து தோன்றியதும், இளைஞர் உலகம் அதைத் தன் கொடியாகவே ஏந்திக்கொண்டது. பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அன்றும் பள்ளிகளில் தடை. அன்றும் இதே வழக்கு!

அடுத்து வந்தது எழுத்து. 1948இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் டூவி என்ற வேட்பாளருக்காக வாசகம் அச்சிட்ட டி-சர்ட்டு ஒன்று இன்றும் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1960 மார்ச்சில் ஆல்பர்ட்டோ கோர்டா எடுத்த சே குவேராவின் புகைப்படம் உலகத்து இளைஞர்களின் மார்பில் ஏறியது. தமிழ்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 2020 செப்டம்பரில் இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜா முதலியோர் 'இந்தி தெரியாது போடா' என்பது போன்ற வாசகங்கள் எழுதிய டி-சர்ட்டுகளோடு வெளியிட்ட படங்கள் ஒரே நாளில் ஊர் முழுக்கப் பரவின. அந்த வாசகத்தை ஏற்பவர் உண்டு, ஏற்காதவரும் உண்டு. ஆனால் மேடையும் ஒலிபெருக்கியும் இல்லாமல் ஒரு கருத்தைத் தெருவில் நடமாட வைக்கும் ஆற்றல் அந்த அரை மீட்டர் துணிக்கு இருக்கிறது என்பதை மறுப்பாரில்லை.

திருப்பூரின் பங்கு

இனி நம் நாட்டுக்கு வருவோம். திருப்பூர் என்றதும் 1932 ஜனவரி 11ஆம் நாள் உயிர்நீத்த கொடி காத்த குமரன் நினைவுக்கு வருவார். அந்நாளில் அவ்வூர் கதருக்குப் பெயர்போன மையம். சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல் நிலம். பக்கத்தில் கோயம்புத்தூரின் நூற்பாலைகள். அந்தச் சூழலில், 1925இல் குலாம் காதர் என்பவர் கல்கத்தாவில் பார்த்த பின்னல் இயந்திரங்களைக் கொண்டுவந்து 'பேபி நிட்டிங்' என்ற பனியன் கம்பெனியைத் தொடங்கினார். திருப்பூரின் முதல் பனியன் கம்பெனி அதுவே என்பர். பல்லாண்டுகள் வெள்ளைப் பனியன் மட்டும்தான். கை வைத்தது, கை வைக்காதது என்று இரண்டே பிரிவு. பின்னர் கொங்கு நாட்டு உழவர் வீட்டுப் பிள்ளைகள் கூலிக்கு வந்து, தொழில் கற்று, பங்கு சேர்ந்து, சொந்தக் கம்பெனி வைத்தார்கள்.

1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் திருப்பூர் வந்து வெள்ளை டி-சர்ட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தார். ஏற்றுமதியின் வாசல் அன்று திறந்தது. 1985இல் ஏறத்தாழ 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, 1990இல் ஏறத்தாழ 300 கோடியானது. அதே 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் தோன்றியது. 1974 முதல் நாட்டுக்கு நாடு அளவு வைத்து ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய உலக ஒப்பந்த முறை 2005 ஜனவரி 1ஆம் நாள் முடிவுக்கு வந்தபின் வளர்ச்சி இன்னும் பெருகியது. 2024-25இல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்! நூல், நிட்டிங், சாயம், கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஒரு பனியன் கை மாறி மாறிப் போகும் வழியில் எத்தனை குடும்பங்களின் அடுப்பு எரிகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்த வளர்ச்சி தானாக வந்த வரம் இல்லை. பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 1984இல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நான்கு மாதத்துக்கு மேல் கூலியின்றி ஒரு ஊர் நின்றது! அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்ட பிறகு, பனியனைத் 'தாழ்ந்த உடை' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நம் வட்டாரத்தில்

திருப்பூர் தூரம் என்று எண்ண வேண்டாம். ஆவடியில் 1961 முதல் இருந்துவரும் படைத்துறை உடைத் தொழிற்சாலையை அறியாதவர் நம்மில் இல்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஏற்றுமதித் தையல் நிறுவனங்கள் பல. என் தாயார் அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகள் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தவர். "சட்டைத் துணி சொன்ன பேச்சு கேக்கும்டா, பனியன் துணி இழுத்த பக்கம் ஓடும்" என்பார். கண்ணிகள் நெளியாமல், கழுத்துப் பட்டை சுருங்காமல், ஒரு நிமிடத்துக்குள் ஒரு தோள் தைத்துத் தள்ள வேண்டுமாம். எளிய உடை என்று நாம் நினைப்பது எளிதாகத் தைக்கக்கூடியது இல்லை!

என் சொந்த ஊர் குத்தம்பாக்கம். சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் பூந்தமல்லி கடந்து, திருமழிசைக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. ஏரியும் வயலும் ஒரு பக்கம்; புறநகர்ப் பேருந்து நிலையத்துக்காக எழுந்த பெரிய கட்டடம் இன்னொரு பக்கம். விடியற்காலை ஆறு மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று பாருங்கள். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் போகும் கம்பெனிப் பேருந்துகளுக்காக வரிசையாக நிற்கும் இளைஞர்கள் உடம்பில் எல்லாம் டி-சர்ட்டுதான். முதுகில் நிறுவனத்தின் பெயர். உணவுப் பொட்டலம் கொண்டுபோகிறவனுக்கு ஒரு நிறம், கிடங்கில் சுமை ஏற்றுபவனுக்கு ஒரு நிறம். ஆடித் திருவிழாவில் இளைஞர் மன்றத்துக்கு மஞ்சள் நிறம். நம் வட்டாரத்தில் டி-சர்ட்டு நாகரிகத்தின் அடையாளம் என்பதைவிட, வேலையின் அடையாளம் என்பதே பொருந்தும்.

ஏன் இன்னும் வாழ்கிறது?

எத்தனையோ நாகரிகங்கள் வந்து போயின. மணிக்கால் பேண்ட் போயிற்று. நாய்க்காது காலர் போயிற்று. டி-சர்ட்டு மட்டும் நூறு ஆண்டுகளாக ஏன் நிற்கிறது? நான்கு காரணங்களைச் சொல்வேன்.

முதலாவது, தட்பவெப்பம். சித்திரை வெயிலில் பருத்திப் பின்னலைப் போல் உடம்புக்கு இதமானது வேறில்லை. இரண்டாவது, சிக்கனம். பூந்தமல்லி நடைபாதைக் கடையில் ஒரு சட்டையின் விலைக்கு இரண்டு டி-சர்ட்டு கிடைக்கிறது. தையற்கூலி இல்லை, பொத்தான் தெறிக்காது, இஸ்திரி போடத் தேவையில்லை. கந்தையானாலும் கசக்கிக் கட்டுவோர்க்கு இதைவிட ஏற்ற உடை எது? மூன்றாவது, எழுத்து, அதைப் பற்றி முன்பே சொன்னேன்.

நான்காவது காரணம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அது சமத்துவம். சங்கப் புலவர் நக்கீரனார், நாடாளும் மன்னனுக்கும் வேட்டையாடித் திரியும் எளியவனுக்கும் உண்பதிலும் உடுப்பதிலும் பெரிய வேறுபாடு இல்லை என்ற கருத்தைப் புறநானூற்றில் பாடிவைத்தார். ஆனால் நடைமுறையில் நம் சமுதாயம் உடையை வைத்தே ஆளை அளந்தது. தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் மார்பை மூடும் உரிமைக்காக 1822 முதல் பல்லாண்டுகள் போராடினார்கள். 1859இல்தான் அரசர் இறங்கி வந்தார். தோளில் கிடக்கும் துண்டு இன்னாரைக் கண்டால் இடுப்புக்கு இறங்க வேண்டும் என்ற கொடுமையை நம் பாட்டன்மார் அறிவார்கள். டி-சர்ட்டில் இடுப்புக்கு இறக்கத் துண்டு இல்லை! போட்டவன் எந்தத் தெருவைச் சேர்ந்தவன் என்று அது சொல்வதில்லை. எங்கள் ஊரில் சமத்துவபுரம் இருக்கிறது. இரு வேறு சாதிக் குடும்பங்கள் ஒரே சுவரின் இரு பக்கமும் வாழும்படி இரட்டை வீடுகள் கட்டப்பட்டன. அங்கே கொடியில் காயும் டி-சர்ட்டுகளைப் பார்த்து எது எந்த வீட்டுடையது என்று கண்டுபிடிக்க எவராலும் முடியாது.

தடைகளும் சட்டங்களும்

2005இல் அண்ணா பல்கலைக்கழகம் மாணவர்கள் டி-சர்ட்டும் ஜீன்ஸும் அணியத் தடை விதித்தது. 2014இல் வேறொரு காட்சி. வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரே சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்க மன்றத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. சட்டமன்றம் கொதித்தது, உடையைக் காட்டிப் பொது இடங்களில் தடுக்கக்கூடாது என்று அந்த ஆண்டே வேட்டிக்கு ஆதரவாகச் சட்டம் வந்தது. 2019இல் அரசு ஊழியர் உடை பற்றி ஓர் அரசாணை வந்தது. ஆண்களுக்குச் சட்டையும் பேண்டும், அல்லது தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டி என்றது அது. 2024இல் துணை முதலமைச்சராகப் பொறுப்பேற்ற உதயநிதி ஸ்டாலின் அரசு விழாக்களில் டி-சர்ட்டு அணிவதை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். டி-சர்ட்டு சாதாரண உடை என்ற வகையில் அடங்குமா என்ற கேள்வி நீதிமன்றத்திலேயே எழுந்தது.

இந்த நிகழ்ச்சிகளிலிருந்து நான் பெறும் பாடம் ஒன்று. வேட்டியைத் தடுத்தபோது "எளிய மக்களின் உடையை இழிவுபடுத்தாதே" என்று நாம் எல்லோரும் குரல் கொடுத்தோம். அந்த நியாயம் பனியனுக்கும் பொருந்தும் அல்லவா? கழுத்துப் பட்டையும் பொத்தானும் வைத்த சட்டை மட்டும் நம் பாட்டன் சொத்தா? அதுவும் கப்பலில் வந்ததுதான். வெள்ளைக்காரன் அலுவலகத்துக்குப் போட்டது கண்ணியம், அவன் கப்பலடித் தளத்தில் உழைத்தவன் போட்டது இழிவு என்றால், நாம் காப்பது பண்பாட்டையா, பழைய எசமான் பற்றிய பயத்தையா?

என் வகுப்புத் தோழன் ஒருவன் இரவில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு பகலில் படிக்கிறான். சென்ற பருவத்தில் உள்தேர்வு நாளன்று, இரவுப் பணி முடிந்து கம்பெனிப் பேருந்து தாமதமாக இறக்கிவிட, வீட்டுக்குப் போக நேரமின்றி அந்த டி-சர்ட்டோடே வந்துவிட்டான். வாசலில் நிறுத்தப்பட்டான். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு அவன் தேர்வறைக்குள் நுழைந்தபோது இருபது நிமிடம் கடந்துவிட்டது. கடைசி வினாவை அவன் எழுதவே இல்லை. இரவெல்லாம் உழைத்தவனின் உடையில் ஒழுங்கு இல்லை என்று யார் சொல்வது? அரசு கலைக் கல்லூரி என்பதே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தானே!

எதிர்வாதம் செய்வோரின் சொல்லையும் மதிக்கிறேன். "தடையை விட்டால் கண்டதை எழுதிய டி-சர்ட்டு வரும்" என்கிறார்கள். மெய்தான். அப்படியானால் இழிசொல்லுக்குத் தடை போடுங்கள், துணிக்கு வேண்டாம். "விலையுயர்ந்த முத்திரை போட்ட டி-சர்ட்டு ஏழை மாணவன் மனத்தைப் புண்படுத்தும்" என்கிறார்கள். விலையுயர்ந்த சட்டையும் அப்படித்தானே? வேதியியல் ஆய்வகத்தில் பாதுகாப்புக்காக ஓர் உடை விதி இருந்தால் அதற்கு நானும் தலைவணங்குவேன். காரணம் சொல்லும் விதியை மாணவன் மீறமாட்டான்.

அணிவோரின் கடமை

உரிமையைப் பேசியவன் கடமையைப் பேசாமல் விட்டால் அது அரைப் பேச்சு. நம் டி-சர்ட்டின் மலிவு விலைக்குப் பின்னால் ஓர் ஆறு இருக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேரும் நொய்யல், திருப்பூரைக் கடக்கும்போது சாயநீராய் ஓடியது. உழவுக்காக 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தொட்டியானது. அந்த நீர் பட்ட நிலமும் கிணறும் உப்பேறிப் பாழ்பட்டன. உழவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2011 ஜனவரி 28ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்தனர். பிறகு கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்குத் திருப்பூர் மாறியது. இருந்தும் பழைய உப்பு மண்ணைவிட்டு எளிதில் போவதில்லை.

நீரின் கணக்கு இன்னொன்று. 250 கிராம் எடையுள்ள பருத்திச் சட்டை ஒன்றுக்கு, பருத்தி விளைவது முதல் கணக்கிட்டால், உலகச் சராசரியாக ஏறத்தாழ 2,500 லிட்டர் நீர் செலவாகிறது என்கிறார்கள். கோடையில் ஒரு குடம் தண்ணீருக்கு லாரியின் பின்னால் ஓடும் புறநகரில் வாழும் நாம், இந்தக் கணக்கைத் தெரியாதவர் போல் இருக்கலாமா?

தொழிலாளியின் நிலையும் உறுதியானது இல்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவிகித வரி போட்டபோது திருப்பூரில் ஆர்டர்கள் நின்று போயின. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஒருவர் போட்ட கையெழுத்து, பீஸ் கணக்கில் கூலி வாங்கும் பெண்ணின் வாரச் சம்பளத்தில் வந்து விழுந்தது.

ஆகவே நம் கல்லூரிக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று: தூய்மையான, இழிசொல் இல்லாத டி-சர்ட்டை, வட்டக் கழுத்தாயினும், வகுப்பிலும் தேர்வறையிலும் அனுமதிக்க வேண்டும். இரண்டு: துறை விழாவுக்கு ஒன்று, விளையாட்டு விழாவுக்கு ஒன்று, வழியனுப்பு விழாவுக்கு ஒன்று என்று ஆண்டுக்கு மூன்று டி-சர்ட்டு அடித்து, ஒருநாள் போட்டுப் பரணில் எறியும் வழக்கத்தை மாணவர்களாகிய நாம் நிறுத்த வேண்டும். மூன்றாண்டுக்கு ஒரே டி-சர்ட்டு போதும். அதன் மிச்சப் பணம் தேர்வுக் கட்டணம் கட்ட முடியாத தோழர்களுக்கு உதவும். மூன்று: வரலாற்றுத் துறையும் வணிகவியல் துறையும் சேர்ந்து அடுத்த கல்விச் சுற்றுலாவைத் திருப்பூருக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். பனியன் கம்பெனியையும் பார்ப்போம், ஒரத்துப்பாளையத்தையும் பார்ப்போம்.

பேராசிரியப் பெருமக்களே! மாணவத் தோழர்களே, தோழியரே! உடை என்பது மானத்தைக் காப்பது. அதை உருவாக்கியவரின் மானத்தையும் சேர்த்துக் காப்பதே படித்தவர்க்கு அழகு. இந்தக் கருத்துகளில் மாறுபடுவோர் இருந்தால், வரும் ஆண்டு மலரில் தாராளமாக மறுத்து எழுதட்டும். வாதம் வளர்ந்தால் தெளிவு பிறக்கும். அதுவரை, இரவுப் பணி முடித்துத் தேர்வெழுத ஓடிவரும் ஒரு மாணவனை அவன் அணிந்திருக்கும் பனியனுக்காக யாரும் வாசலில் நிறுத்தாதிருக்கட்டும்.

உழைப்பவர் உடை வாழ்க! அதை உருவாக்கும் கைகள் உயர்க!